துணைவேந்தரின் காகிதங்களும் அக்காவின் அட்டைகளும்

பணி நிறைவு விழாவில் துணைவேந்தர் அவர்களுக்கு ஊழியர்கள் வாசித்தளித்த மடல்

வரலாற்றை வாழ்வாகவும் வாழ்வை வரலாறாகவும் வரித்துக்கொண்ட வித்தகரே! கல்விக் கடலே! கருணை மலையே! காலம் வணங்கும் கோபுரமே!

என்று தொடங்கித்தான், ஐயா, இம்மடலை முதலில் எழுதி வைத்திருந்தோம். முப்பது ஆண்டுகள் இப்பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளில் நின்றும், மூன்று ஆண்டுகள் அதன் தலைமை இருக்கையில் அமர்ந்தும் பணியாற்றி, இன்று மாலை இல்லம் திரும்பும் எம் மாண்பமை துணைவேந்தர் ஐயா அவர்களே, வணக்கம். கடலையும் மலையையும் கோபுரத்தையும் எழுதி முடித்த பிறகு நாங்களே அடித்தோம். சொல்லுக்குப் பஞ்சம் வந்துவிடவில்லை. அதற்கு இந்த அலுவலகத்தில் என்றைக்கும் குறைவு இருந்ததில்லை. வெட்கம் வந்துவிட்டது, அதுதான் காரணம். அந்த வெட்கத்தோடுதான் இந்த மேடையில் நிற்கிறோம். தாங்களும் அவையோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு மாதங்களுக்கு முன்பு, தங்கள் வீட்டு மாடியறையில் இருந்த சொந்தக் காகிதங்கள் அனைத்தையும் நம் ஆவணக் காப்பகத்துக்கு அளிப்பதாகச் சொல்லி, ஒரு வேன் நிறையப் பெட்டிகளை அனுப்பி வைத்தீர்கள். வாழ்நாளெல்லாம் பிறர் காகிதங்களைத் துருவித் துருவிப் படித்தவன், தன் காகிதங்களையும் பிறர் துருவ விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றீர்கள். தூசு தட்டி, துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றி, உறையிட்டு, பெயரிட்டு, இன்றைய விழாவில் அனைவர் பார்வைக்கும் திறந்து வைக்கும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. விரிவுரைக் குறிப்புகள், மின்சார அலுவலகத்தோடு தாங்கள் போட்ட எழுத்துச் சண்டைகள், தங்கள் தாயாரின் மருந்துச் சீட்டுகள், எதற்கென்றே தெரியாத ஒரு செருப்புக்கடை ரசீது என்று ஒவ்வொன்றாக வந்தன. 'நான் தப்பாகச் சொன்னவை' என்று தலைப்பிட்ட ஒரு தடித்த உறையும் வந்தது. வகுப்பில் சொன்ன தவறான ஆண்டு, கட்டுரையில் எழுதிய தவறான ஊகம், எல்லாவற்றையும் தங்கள் கையாலேயே எழுதிப் போட்டு வைத்திருக்கிறீர்கள். எங்களில் ஒருவரிடமும் அப்படி ஓர் உறை கிடையாது. வைக்கத் தொடங்கினால் உறை போதாது, பீரோ வேண்டும்.

அதற்கு அடுத்த பெட்டியில் நாங்கள் இருந்தோம். துறைத் தலைவரானபோது, புல முதன்மையர் ஆனபோது, விருது பெற்றபோது, வெள்ளி விழாவின்போது என்று நாங்கள் தங்களுக்கு வாசித்தளித்த பாராட்டு மடல்கள் அத்தனையும் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றப்பட்டு ஒரே கோப்பில் இருந்தன. ஓரங்களில் பென்சில். 'ஓய்வறியா உழைப்பாளர்' என்ற இடத்தில், 'மதியம் சாப்பிட்டதும் தூங்குவேன், அலுவலக உதவியாளருக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தீர்கள். 'கடலனைய கல்வி' என்ற இடத்தில், 'அளந்தது யார்?' என்று கேட்டிருந்தீர்கள். 'சினம் என்னும் சொல்லையே அறியாச் செம்மல்' என்ற இடத்தில், 'தேர்வுப் பிரிவில் விசாரிக்கவும்' என்றிருந்தது. தேர்வுப் பிரிவினரும் அப்போது அறையில்தான் இருந்தார்கள். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

மடல்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதையும் இந்த அவையில் உடைத்துச் சொல்லிவிடுகிறோம். பதிவாளர் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் ஒரு மடல் இருக்கிறது. மோனை இல்லாமல் மூச்சு விடமாட்டார் என்பதால் அவரை மோனையார் என்றே அழைக்கிறோம். ஆளுக்கு ஆள் பெயரையும் பதவியையும் மாற்றுவார், அடைமொழிகள் அப்படியே இருக்கும். மருத்துவ மையத்து டாக்டர் ஓய்வு பெற்றபோது, ஆசிரியர் ஒருவருக்கு எழுதியதை மாற்ற மறந்து, 'ஆயிரமாயிரம் பேரை அன்போடு வழியனுப்பி வைத்த வள்ளல்' என்று வாசித்துவிட்டோம். டாக்டரே சிரித்துவிட்டார். யாருக்கும் நட்டமில்லாத பொய் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தோம். சட்டத்துக்குள் போகும் காகிதத்தை யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

கோப்பில் கடைசியாக இருந்தது, தாங்கள் துணைவேந்தராகப் பொறுப்பேற்ற நாளில் வாசித்த மடல். அதிலும் பென்சிலைத் தேடினோம், சிரிக்கத் தயாராக. பக்கம் முழுவதும் வெறுமையாக இருந்தது. ஒரே ஓர் இடத்தில், 'தன்னந்தனியராய்த் தளராது தேடித் திரட்டித் தந்த தகைசால் நூல்' என்ற வரிக்கு அருகில், ஒரே ஒரு சொல்லும் ஒரு கேள்விக்குறியும் இருந்தன. 'அக்கா?'

அந்த நூலை அறியாதவர் இந்த அவையில் இருக்கமாட்டார்கள். இந்நகரின் வாடகை வீடுகளின் வரலாறு அது. யார் யார் எந்தெந்தத் தெருவில் குடியிருந்தார்கள், ஏன் காலி செய்தார்கள், முன்பணம் யாரிடம் முடங்கியது என்பதையெல்லாம் சொல்லும் நூல். இருபது ஆண்டுகளுக்கு முன்பு வந்த முதற்பதிப்பின் முகப்புப் பக்கத்தில் இரண்டு பெயர்கள் உள்ளன. ஒன்று தங்கள் பெயர். மற்றொன்று தங்கள் அக்காவின் பெயர். நீதிமன்றத்து நிலவறையில் உட்கார்ந்து காலி செய்யும் வழக்குகளின் கட்டுகளைப் புரட்டியவர் தாங்கள். பள்ளியில் வரலாற்று ஆசிரியையாக இருந்துகொண்டு, விடுமுறைதோறும் வீடு வீடாகப் போய்க் குடியிருந்தோரிடம் கேட்டு, குடும்பத்துக்கு ஓர் அட்டையாக எழுதியவர் அவர். முதற்பதிப்பு நம் நூலகத்தில்தான், மோனையாரின் இருக்கையிலிருந்து நடந்தால் ஒரு தேநீர் ஆறும் நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய அலமாரியில்தான் இருக்கிறது. அவர் போய்ப் பார்க்கவில்லை. எங்களில் எவரும் போய்ப் பார்க்கவில்லை. தகர வரிசையில் ஐந்து சொற்கள் வந்து விழுந்துவிட்டன, ஆறாவதாகத் 'தன்னந்தனியராய்' என்பதும் அழகாக வந்து உட்கார்ந்தது. அந்த அழகுக்காக ஒரு பெண்ணின் உழைப்பை ஒரே வாயில் விழுங்கினோம்.

விழுங்கியதோடு நின்றிருந்தால்கூடச் சட்டத்துக்குள்ளேயே கிடந்திருக்கும். நாளிதழ் நிருபர் மடலைப் பார்த்துச் செய்தி எழுதினார். பல்கலைக்கழக இணையதளம் நாளிதழைப் பார்த்து எழுதியது. மறு ஆண்டு நம் பதிப்புத் துறை நூலின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தபோது, பின்னட்டை வாசகத்தை இணையதளத்திலிருந்து எடுத்தது. பின்னட்டையில் தன்னந்தனியர் என்று போட்டுவிட்டு முன்னட்டையில் இரண்டு பேர் இருந்தால் நன்றாக இராது என்று ஒருவரை நீக்கியது. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டில், நூலாசிரியர் ஒருவரே என்பதற்கு எங்கள் மடலைச் சான்றாகக் காட்டி அடிக்குறிப்பே போட்டிருக்கிறார். சான்றில்லாமல் ஒரு வரியும் எழுதாத ஒரு வரலாற்றறிஞரின் வரலாற்றுக்கு, சான்றே பார்க்காத நாங்கள் சான்றாகிப் போனோம். இதைவிடத் தலைகுனிவு எங்களுக்கு வேறென்ன வேண்டும், ஐயா?

அன்றைய விழாவில் தங்கள் அக்கா மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். இந்நகரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். ஆகவே எங்களுக்கும் அவர் டீச்சர்தான். தேநீர் மேசையருகே மோனையாரைப் பார்த்து, "நல்லா இருந்துச்சு தம்பி. எதுவுமே விடாம எழுதியிருக்கீங்க," என்றார். மோனையார் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போது அந்த வாக்கியம் நினைவுக்கு வரும்போதெல்லாம் நாற்காலியில் நெளிகிறார்.

அந்த அட்டைகளும் தங்கள் பெட்டிகளில் வந்திருந்தன. பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே பெட்டியின் மேல் 'துணைவேந்தர் தனிக் காகிதங்கள்' என்று எழுதி ஒட்டிவிட்டோம். அதுவும் எங்கள் பழக்கம். காப்பகப் பணியாளர் ஓர் அட்டையைக் கையில் எடுத்தவுடன் சொன்னார்: "இது சார் கையெழுத்து இல்ல. இது டீச்சர் கையெழுத்து. என் ரேங்க் கார்டுல 'கவனம் போதாது'ன்னு எழுதின அதே கை. எனக்கு மறக்குமா?" அந்த அறையில் கவனம் போதாதவர் அவர் மட்டுமல்ல என்பது எங்களுக்கு உறைத்தது. அப்போதும்கூட முழுதாக உறைக்கவில்லை. டீச்சரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டு, பெட்டியில் பெயரைச் சேர்த்து, விழாவில் அட்டைகளைக் கண்ணாடிப் பேழையில் வைத்து அழகாகக் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டோம்.

போன வாரம் மோனையாரும் காப்பகப் பணியாளரும் பதிப்புத் துறைக்காரரும் டீச்சர் வீட்டுக்குப் போனார்கள். இரண்டாம் மாடி, எரிவாயு உருளைகள் வரிசையாக நிற்கும் நடை, துணி காயும் கொடிக்குக் கீழே குனிந்து நுழையும் வாசல். அவரும் இன்றுவரை வாடகை வீட்டில்தான் இருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். மோனையார் நின்றபடியே, "பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய," என்று ஆரம்பித்தார். "தம்பி, மொதல்ல உக்காருங்க. நீங்க நின்னு பேசினா நான் ரிட்டயர் ஆகப் போற மாதிரி இருக்கு. நான் ஏற்கெனவே ஆயிட்டேன்," என்றார் டீச்சர்.

உட்கார்ந்து, சாதாரணத் தமிழில் மன்னிப்புக் கேட்டார்கள். கேட்டுக்கொண்டார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்தக் கார்டெல்லாம் எங்க இருக்கு?" என்றார்.

காப்பகத்தில், குளிர்சாதன அறையில், மிகப் பத்திரமாக இருக்கின்றன என்றும், விழாவன்று கண்ணாடிப் பேழையில் வைத்துத் திறந்துவிடப் போகிறோம் என்றும், பெருமையோடு சொன்னார்கள்.

"திறந்துவிடப் போறீங்களா? யாரைக் கேட்டு?" அப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. "வாடகைக்கு இருக்கறவங்க கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி, வெளிய நிக்கறது ஹவுஸ் ஓனரான்னு பார்ப்பாங்க. என்னை நம்பித்தான் திறந்தாங்க. 'டீச்சர், இதை மட்டும் வெளிய சொல்லிடாதீங்க'ன்னு சொல்லிட்டுத்தான் பாதிப்பேர் பேசினாங்க. எதைப் புஸ்தகத்துல போடலாம், எதைப் போடக்கூடாதுன்னு நான் பார்த்துப் பார்த்துக் குடுத்தேன். அதுல இருக்கறவங்க இன்னும் அதே தெருவுல, அதே ஓனருங்க வீட்டுல இருக்காங்க. நாளைக்கு அந்த ஓனரோட புள்ள வந்து கண்ணாடி வழியாப் படிச்சான்னா, அந்தக் குடும்பம் சாமானத் தூக்கிட்டு எங்க போகும்?"

பதிப்புத் துறைக்காரர் மெல்ல, "உங்க பேரைப் பெருசாப் போட்டுடறோம், டீச்சர்," என்றார்.

"பேரை அப்புறம் போடுங்க. கார்டை மொதல்ல குடுங்க. தம்பி புஸ்தகம் எழுதறப்போ வாங்கிட்டுப் போனான், திருப்பித் தரல. அவனுக்கு மறந்துபோச்சு, எனக்கு மறக்கல."

ஈரப்பதம், பூச்சி, கரையான் என்று காப்பகப் பணியாளர் தமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தார். "அவன் வீட்டு மாடியில இத்தனை வருஷம் வராத கரையான், இந்த ரெண்டாவது மாடிக்கு லிஃப்ட்ல ஏறி வருமா?" என்று கேட்டார் டீச்சர். அந்தக் கட்டடத்தில் லிஃப்டும் கிடையாது.

ஐயா, இந்த இடத்தில் தங்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. பாராட்டு மடலில் சொல்லத் தகாத வார்த்தைதான். ஆனால் விட்டுவிட்டால் இதுவும் பழைய மடலாகிவிடும். இரண்டாம் பதிப்பு வந்தவுடன் தாங்கள் பதிப்புத் துறைக்கு ஒரு குறிப்பு அனுப்பினீர்கள். 'அடுத்த பதிப்பில் ஆவன செய்யப்படும்' என்று பதில் வந்தது. 'பார்த்தேன்' என்று கையெழுத்திட்டுக் கோப்பில் போட்டீர்கள். அதோடு முடிந்தது. அந்த நாற்காலியில் இருந்தபடி ஒரு தொலைபேசி அழைப்பில் செய்திருக்கக்கூடிய காரியம் அது. ஏன் செய்யவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். சொந்த அக்காவுக்காக அதிகாரத்தைப் பயன்படுத்தினார் என்று நான்கு பேர் பேசுவார்களே என்று தயங்கினீர்கள். அந்த நான்கு பேரும் நாங்கள்தான், நிச்சயம் பேசியிருப்போம். டீச்சரிடம் இதைச் சொன்னபோது, "சிபாரிசுன்னு சொல்லுவாங்களாமா? நான் என்ன வேலையா கேட்டேன்? செஞ்ச வேலைக்குப் பேரு தானே," என்றார். நேர்மையாளர் என்ற நற்பெயருக்குத் தாங்கள் கொடுத்த விலை தங்கள் கையிலிருந்து போகவில்லை, அக்காவின் கையிலிருந்து போயிற்று. அதை வாங்கிக்கொண்டு இன்றுவரை நாங்களும் தங்களை நேர்மையாளர் என்று புகழ்ந்தோம். தங்கள் தவறுகளின் உறையில் இதைப் பற்றி ஒரு தாளும் இல்லை.

வாசலில் ஒரு வெறும் கண்ணாடிப் பேழையை அவையோர் பார்த்திருப்பீர்கள். துடைத்து, விளக்குப் போட்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல் ஏன் வைத்திருக்கிறார்கள் என்று சிலர் கேட்டீர்கள். அட்டைகள் அங்கே இருந்திருக்க வேண்டும். இன்று காலை அவற்றை நாங்களே சுமந்துகொண்டு டீச்சர் வீட்டுப் படிகளில் ஏறி, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு வந்தோம். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, சரிபார்த்து, பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். ஆகவே ஐயா, தங்கள் காகிதங்களின் தொகுப்பு இன்று பாதி வெற்றிடத்தோடுதான் திறக்கப்படுகிறது. நாளை அந்த நூலை ஆராய வருகிறவர், வழக்குக் கட்டுகளின் குறிப்புகளை மட்டும் பார்த்துவிட்டு, மனிதர்கள் எங்கே என்று கேட்பார். 'அவர்கள் டீச்சரிடம் இருக்கிறார்கள், அவரைக் கேளுங்கள்' என்று பட்டியலில் எழுதி வைத்திருக்கிறோம். எங்களுக்கு அது பெரிய இழப்பு. திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தால் இதைவிடப் பெரியதை இழந்திருப்போம். மூன்றாம் பதிப்பு இரண்டு பெயர்களோடு அச்சகத்தில் இருக்கிறது. பெட்டிகளைச் சரிபார்த்த பிறகு, அதன் முகப்புப் பக்க மெய்ப்பையும் டீச்சரே பார்த்துக் கொடுத்தார். பின்னட்டையில் ஓர் அடைமொழியும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு தங்களைப் புகழ எங்களுக்கு வாய் எழவில்லை; ஆனாலும் புகழாமல் அனுப்ப மனம் வரவில்லை. ஆகவே சான்று உள்ளவற்றை மட்டும் சொல்கிறோம். தங்களுக்குக் கோபம் வரும். தேர்வுப் பிரிவில் உடைந்த தண்ணீர்க் குவளை அதற்குச் சாட்சி. ஆனால் அன்று உடைத்தது, ஒரு மாணவியின் சான்றிதழ் மூன்று மேசைகளுக்கிடையே அலைந்துகொண்டிருந்ததற்காக. மறுநாள் காலை அவள் சான்றிதழோடு ஊருக்குப் போனாள், தாங்கள் புதுக் குவளை வாங்கி வந்தீர்கள். தாங்கள் நன்றாகப் பாடம் நடத்துவீர்கள்; எங்களில் பலர் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டிருக்கிறோம், தூங்கியதில்லை. துப்புரவுப் பணியாளர்களுக்கு உட்கார நாற்காலி கேட்டு மூன்று கூட்டங்களில் சண்டை போட்டு, நான்காவதில் வாங்கிக் கொடுத்தீர்கள். அந்த நாற்காலிகளில்தான் இன்று பின்வரிசையினர் அமர்ந்திருக்கிறார்கள். தங்களைப் பற்றி எதையும் கிழித்துப் போடாமல், எங்கள் பொய்யையும் சேர்த்து, அப்படியே எங்கள் கையில் கொடுத்தீர்கள். அவமானப்பட வேண்டியது யார் என்று ஒருமுறையும் வாய் திறந்து சொல்லவில்லை. அதுதான், ஐயா, எங்களை இன்று இப்படி நிற்க வைத்திருக்கிறது.

தாங்கள் நெடுநாள் நலமாக இருக்க வேண்டும். மதியம் சாப்பிட்டதும் நிம்மதியாகத் தூங்க வேண்டும். கண்ணும் காலும் ஒத்துழைக்கும் வரை நீதிமன்ற நிலவறைக்குப் போய் வர வேண்டும். அக்கா வீட்டு மாடிப்படி ஏறி, அவரோடு உட்கார்ந்து, தர வேண்டிய விளக்கத்தைத் தர வேண்டும். அது எங்கள் வாழ்த்து அல்ல, வேண்டுகோள். டீச்சரை முன்வரிசையில் அமரும்படி அழைத்தோம். "மடல் எவ்வளவு நீளம்?" என்று கேட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே இருக்கிறது என்று அதே மூன்றாம் வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார். அவரும் நெடுநாள் வாழ வேண்டும்.

இங்ஙனம்,
பல்கலைக்கழக ஊழியர்கள்

யார் எதைச் செய்தார் என்று இம்முறை எழுதி வைக்கிறோம்.

வரைந்தவர்: பதிவாளர் அலுவலகக் கண்காணிப்பாளர்.

சான்று பார்த்தவர்: காப்பகப் பணியாளர்.

தட்டச்சு செய்தவர்: பதிப்புத் துறை எழுத்தர்.

திருத்தியவர்: தங்கள் அக்கா. நேற்று மாலை, அதுவரை எழுதியிருந்த முழுவதையும் படித்துப் பார்த்து, தங்களைக் குறை சொல்லும் பத்தியை அடிக்கச் சொன்னார். "பாவம், அவன் வீட்டுக்குப் போற நாள். இது எனக்கும் அவனுக்கும் உள்ளது, விட்டுடுங்க," என்றார். அவருடைய மற்றத் திருத்தங்களையெல்லாம் ஏற்றுக்கொண்டோம். அந்த ஒன்றை மட்டும் எங்களால் ஏற்க முடியவில்லை.